சேற்றுக் குளத்துக்கு நாலு மார்க்

வீட்டில் அவருக்குப் பெயர் மார்க் மாமா. தங்கையின் பிள்ளைகள் வைத்த பெயரைத் தெருவே எடுத்துக்கொண்டுவிட்டது. எதைப் பார்த்தாலும் பத்துக்கு எத்தனை என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. பஸ் டிரைவருக்கு ஆறு, பல் டாக்டரின் நாற்காலிக்கு எட்டு, கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்துக்கு மூன்று. ஒரு நாள் மனைவி போட்ட காபிக்கு ஏழரை கொடுத்தார். "மீதி ரெண்டரையை நீங்களே கலந்து குடிச்சுக்கங்க" என்று அந்த அம்மாள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து காபிக்கு மட்டும் மார்க் கிடையாது.

இருபத்திரண்டு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். ஓட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, குனிந்து ஒரு இழு இழுப்பார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் பிழைத்தார்கள், கறுத்தால் அந்த ஓட்டல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, பறவைப் பூங்காக்களுக்குத் தரச் சான்று கொடுக்கும் சங்கம் ஒன்று அவரைக் கூப்பிட்டது. பறவைகளின் உடம்பைப் பார்க்க டாக்டர் தனியாகப் போய்க்கொள்வார், நீங்கள் கூண்டுகளைப் பார்த்து மார்க் போட்டால் போதும் என்றார்கள். தரை, தண்ணீர், வேலி, நிழல், ஒவ்வொன்றுக்கும் பத்து. கரும்பு தின்னக் கூலியா? மாமா மறுநாளே கிளம்பிவிட்டார்.

அப்படி அவர் மார்க் போட்ட பூங்கா ஒன்றுக்குத்தான் இப்போது மூன்று வருஷம் கழித்து இரண்டாவது முறையாகப் போகிறார். சங்கத்திலிருந்து வந்த கடிதம் பையில் இருக்கிறது. அந்தப் பூங்காவுக்கு அவர் போட்ட மதிப்பெண் தாளைப் புதிய மதிப்பீட்டாளர்களுக்கு மாதிரியாக அச்சடிக்கப் போகிறார்களாம். மதிப்பீட்டுக் குழுவுக்கு இனி அவர்தான் தலைவராம். அதற்கு முன்னால் ஒரு நடை போய், மறு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டு வந்தால் சரி. வேறு யாராக இருந்தாலும் தெருவெல்லாம் கடிதத்தைக் காட்டியிருப்பார்கள். மாமா மனைவியிடம் மட்டும் காட்டிவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. மாமாவுக்கு மூன்று வருஷமாக லேசாகக் குறுகுறுத்துக்கொண்டேதான் இருந்தது. எல்லாம் அந்தத் தாளில் அவர் எழுதிய ஒரே ஒரு வரியால் வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுவதே நல்லது. அந்தப் பூங்காவில் பூநாரைகளுக்கு ஒரு சேற்றுக் குளம் இருந்தது. நீளக் கால், நீளக் கழுத்து, ரோஜா நிறத்தில் உடம்பு, வளைந்த அலகு. அந்தப் பறவைகள் சேற்றுக்குள் காலை நட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவது போலக் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றன. மாமா புது கால்சட்டை போட்டிருந்தார். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கரையோரம் குனிந்தவர், வழுக்கி, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வரைக்கும் சேறு. கூட வந்த மேனேஜர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு விழுங்கத் தெரியவில்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்ற அந்த அம்மாள் கொல்லென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஓடி வந்து தூக்கிவிட்டாள், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். "சேறுன்னா அப்படித்தான் சார். நமக்குத்தான் வழுக்கும். அதுங்களுக்கு இதுதான் செருப்பு, இதுதான் மெத்தை" என்றாள்.

மாமா தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, சொட்டச் சொட்ட ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தாளில் எழுதினார். 'தரை: 4. சேறும் நாற்றமும். பராமரிப்பாளருக்குச் சுத்தத்தில் அக்கறை இல்லை.' பக்கத்திலேயே வாத்துக் கூண்டு, சிமெண்ட் பூசி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கைக்குட்டை பால் போல வெளியே வந்தது. 'தரை: 10. மற்ற கூண்டுகளுக்கு இதுவே முன்மாதிரி.' வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர் அவர், அதில் பொய் இல்லை. ஆனால் நாலு மார்க்கோடு நிறுத்தியிருக்கலாமே. அக்கறை இல்லை என்ற அந்த வரியைக் கைக்குட்டை எழுதவில்லை, அவருடைய கோபம் எழுதியது. அது எழுதும்போதே அவருக்குத் தெரியும். சேற்றில் விழுந்த கதையை வீட்டில் சொன்னபோதுகூட அந்த அம்மாள் சிரித்ததை விட்டுவிட்டுத்தான் சொன்னார்.

இப்போது பூங்கா வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டிக்கெட் கவுண்டரைப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் ஒரு பெண்மணி ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக்கொண்டிருந்தாள். முகம் எங்கேயோ பார்த்த முகம். பூட்ஸ் இல்லாததால் சட்டென்று பிடிபடவில்லை.

"உங்களுக்கு டிக்கெட் வேண்டாம் சார்" என்றாள் அவள். "மார்க் போடறவங்களுக்கு ஃப்ரீ."

மாமா கம்பிக்கு அருகில் குனிந்தார். "நீங்க... அந்தக் குளத்துல..."

"ஆமா சார். இப்ப இங்கதான். மூணு வருஷம் ஆச்சு." குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் மாமாவுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "உள்ள போங்க சார். எல்லாம் பளபளன்னு இருக்கு. மேனேஜர் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்காரு."

"ஏம்மா, இங்க எதுக்கு மாத்தினாங்க?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

"சுத்தத்துல அக்கறை இல்லையாம் சார். இங்க அந்தப் பிரச்சினை இல்ல, காகிதம்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தாள்.

மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் இந்தக் கதையில் பெரிய தொல்லை. எள் என்றால் எண்ணெயாக வந்து நிற்கிற ரகம். மாமாவைக் கையைப் பிடிக்காத குறையாக அலுவலகத்துக்கு அழைத்துப் போய், சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் மாமாவின் மதிப்பெண் தாள், மாமாவின் கையெழுத்து. முன்மாதிரி என்ற வரியின் மேல் மஞ்சள் கோடு.

"உங்க தாள்தான் சார் எங்களுக்கு எல்லாம். ஒரு வரி விடல. நீங்க என்ன சொன்னீங்களோ அதை அப்படியே பண்ணியிருக்கோம்."

"அப்படியேன்னா?"

"வந்து பாருங்க சார்!"

பார்த்தார். கூழைக்கடாக் கூண்டு சிமெண்ட். வாத்து, தாரா, மயில், எல்லாம் சிமெண்ட். மரத்தடிகளில் இருந்த மண்ணைச் சுரண்டியெடுத்துவிட்டு வட்டம் வட்டமாகப் பூசியிருந்தார்கள். சருகு இல்லை, புழு இல்லை, கொத்திக் கிளற ஒரு பிடி மண் இல்லை. ஒரு கோழி இனப் பறவை சிமெண்டைக் காலால் பறித்துப் பறித்துப் பார்த்துவிட்டு, ஏமாந்து போய், மறுபடியும் பறித்தது. எங்கும் பினாயில் வாசனை. இருபத்திரண்டு வருஷம் மாமாவுக்கு மல்லிகை வாசனை மாதிரி இருந்தது அது. இன்றைக்குத் தொண்டையைப் பிடித்தது.

"சாருக்குப் பிடிக்கலையா?" மேனேஜருக்கு முகம் வாடிவிட்டது.

"இல்ல இல்ல... சுத்தமா இருக்கு" என்றார் மாமா. சொன்ன வாயை அடைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பூநாரைகளில் இருபத்தாறு இப்போது புதுக் குளத்தில் இருந்தன. வெளிர்நீலம் அடித்த சிமெண்ட் குளம். ஊசி விழுந்தால் தெரியும், அவ்வளவு தெளிந்த தண்ணீர். கரை கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது. மாமாவின் பேனா பழக்க தோஷத்தில் பத்து என்று எழுதவே போய்விட்டது. ஒன்று போட்டு, பூஜ்யம் போடும் முன்னால் கை நின்றது.

தரையைப் பார்த்தே வளர்ந்த கண். ஈரச் சிமெண்டில், கரையோரமாக, சின்னச் சின்னதாய்ச் செம்பழுப்பு நிறத்தில் கறை. ஒன்று, அதற்கு ஒரு அடி தள்ளி இன்னொன்று, இன்னொன்று. மாமா குனிந்து கைக்குட்டையால் ஒரு இழு இழுத்தார்.

"துரு சார்" என்றார் மேனேஜர் அவசரமாக. "பைப் துரு."

மாமா கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். இறைச்சி வெட்டும் மேடையில் காய்ந்த ரத்தத்தைத் துரு என்று சொன்ன சமையல்காரர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். துரு கைக்குட்டையில் தூளாக வரும். இது ஈஷிக்கொண்டு வந்தது. கறையைப் பின்பற்றிப் போனார். அது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பறவையிடம் போய் முடிந்தது. மற்றவை நின்றுகொண்டிருந்தன. நன்றாக நின்றால்தானே? பூநாரை ஒற்றைக் காலில் மணிக்கணக்காகத் தூங்கும் என்று அவருக்குத் தெரியும். இவை ஒரு நிமிஷத்துக்கு ஒரு கால் மாற்றின. சுடுமணலில் செருப்பில்லாமல் நிற்கிற பிள்ளைகள் போல மாற்றி மாற்றி வைத்தன. சத்தம் எதுவும் இல்லை.

"கால்ல புண்ணா?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் இருக்கு சார். டாக்டர் வந்து மருந்து எழுதிக் கொடுத்தாரு. கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். தரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு... நீங்களே பத்துக்குப் பத்து போட்ட சிமெண்டுத் தரையாச்சே சார்!"

மாமா மேலே நடந்தார். அடுத்தது பழைய சேற்றுக் குளம். மீதி இருபத்திரண்டு பூநாரைகள் அதில்தான் இருந்தன. அதே சேறு, அதே நாற்றம், அதே ஊர்க்கதை. கரையில் சேற்றைக் குவித்து முழங்கால் உயரத்துக்குக் கட்டிய கூடுகள், மேலே கிண்ணம் போலக் குழிவு. ஒவ்வொரு குழிவிலும் ஒரு பறவை காலை மடக்கி உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. குளத்துக்கு வெளியே, தார்ப்பாய் போட்டு மூடி, சிமெண்ட் மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"இது ஒண்ணுதான் சார் பாக்கி" என்றார் மேனேஜர், மன்னிப்புக் கேட்கிற குரலில். "மழையால தள்ளிப்போயிடுச்சு. திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம். நீங்க தாள்ல மாத்தலாம்னு ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அப்படியென்றால் அது அவர் கையில்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை இந்த இருபத்திரண்டும் சிமெண்டில் ஏறும். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று எழுத வேண்டும். ஏன் என்று எழுதினால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாள் தப்பு என்று ஆகும். அச்சடிக்கப் போகிற மாதிரியும் தப்பு, தலைவர் பதவியும் போகும்.

"கட்டுப் போடற இடத்தைப் பார்க்கணும்" என்றார்.

பின்பக்கம், தீவனக் கிடங்கை ஒட்டி ஒரு சின்ன அறை. கதவைத் திறந்தால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் டிக்கெட் கவுண்டர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அக்குளில் ஒரு பூநாரை. அதன் கழுத்து அவள் தோளைச் சுற்றி முதுகுப் பக்கம் தொங்கியது. பக்கத்தில் ஸ்டூலில் பிரிக்காத சாப்பாட்டு டப்பா. வெந்நீர்ப் பாத்திரத்தில் பறவையின் ஒரு காலை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல வந்துடறாங்க சார்" என்று மேனேஜர் காதோடு சொன்னார். "புது ஆளுக்குக் கட்டுப் போட வரல. சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க. நானும் கண்டும் காணாம விட்டுடறேன்." யாரோ கூப்பிட, அவர் வெளியே போனார்.

"கிட்ட வந்து பாருங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்றாள் அந்த அம்மாள்.

மாமா குனிந்தார். தரைகளை எத்தனையோ முறை குனிந்து பார்த்தவர், அந்தத் தரையில் நிற்கிற பாதத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். மெல்லிய தோல், விரல்களுக்கு நடுவே குடைத்துணி மாதிரி சவ்வு. உள்ளங்காலில் கட்டாந்தரை வெடித்தது போல வெடிப்பு வெடிப்பாக. நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி.

"எத்தனைக்கு இப்படி?"

"அங்க இருக்கற இருபத்தாறுல பத்தொம்போதுக்கு. மொதல்ல முப்பது இருந்துச்சு."

"மிச்சம் நாலு?"

"புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சு சார்." அவள் பஞ்சை எடுத்து ஒற்றினாள். "சேத்துல இருக்கறதுல ஒண்ணுக்கும் இல்ல. போய் எண்ணிப் பாருங்க."

"முட்டை?"

"மண்ணு இல்லாம எதுல கூடு கட்டும்? போன வருஷம் ஒண்ணு பொறுக்க முடியாம சிமெண்ட் மேலயே இட்டுச்சு. உருண்டு போய்த் தண்ணியில விழுந்துச்சு. மூணு நாள் குளத்துக்குள்ள தலையை விட்டுத் தேடிக்கிட்டே இருந்துச்சு."

மாமாவால் நிமிர முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு மனிதரிடம் வெட்கப்பட்டால் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கழுத்தைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருக்கிற இதனிடம் எப்படிக் கேட்பது?

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றார். "செருப்புன்னு."

"சொன்னேன் சார். மேனேஜர்கிட்டயும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். 'மார்க் போட்டவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?'னு கேட்டாங்க. அவங்க கேக்கறதும் நியாயந்தானே." கட்டுத் துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள். "மணி ஆச்சு. கவுண்டர் திறக்கணும்."

அலுவலகத்துக்கு வந்தார் மாமா. மேனேஜர் புதுத் தாளை நீட்டினார், பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார். மாமா எழுதினார்: 'சேற்றுக் குளம் இப்போது உள்ளபடியே இருக்கட்டும்.' அதற்கு அடுத்த கட்டத்தில் காரணம் என்று போட்டிருந்தது. அங்கே 'நிர்வாகக் காரணங்கள்' என்று எழுதினார். எழுதியதும் அவருக்கே சிரிப்பு வந்தது. எந்த ஓட்டல்காரராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. இது பத்தாது. மேல இருக்கறவங்க பழைய தாளை எடுத்து வெச்சுக்கிட்டு, அதுல சேத்துக்கு நாலு, சிமெண்டுக்குப் பத்து இருக்கே, அப்புறம் ஏன்யா நிறுத்தினேன்னு என்னைக் கேப்பாங்க. மூட்டையெல்லாம் வந்து இறங்கிடுச்சு."

'பருவநிலை மாற்றம்' என்று எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறோம் என்று தெரிந்துதான் யோசித்தார். மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, தலைவராயிட்டீங்களே" என்று சொன்னது காதில் கேட்டது. அவள் அப்படியெல்லாம் லேசில் சொல்கிறவள் இல்லை. அந்தச் சொல்லை இன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

'நிர்வாகக் காரணங்கள்' என்று எழுதியதை அடித்தார். கட்டத்துக்குள் அடங்காது என்று தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினார்.

'மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பூங்காவுக்கு நான் போட்ட தரை மதிப்பெண் தவறு. சமையலறைத் தரைக்குப் போடுவது போலப் பறவையின் தரைக்குப் போட்டேன். அதனால் நான்கு பறவைகள் செத்தன, பத்தொன்பது பறவைகளுக்குக் கால் புண். சிமெண்டை எடுத்துவிட்டு மண்ணும் சேறும் போட வேண்டும். பழைய தாளை எங்கும் மாதிரியாக வைக்கக் கூடாது. பராமரிப்பாளரைப் பற்றி நான் எழுதிய வரி பொய். நான் சேற்றில் விழுந்தேன், அந்த அம்மாள் சிரித்தார், அந்தக் கோபத்தில் எழுதினேன். அவர் குளத்துக்குத் திரும்ப வேண்டும்.' கீழே கையெழுத்து.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "சிரிச்சதையெல்லாமா சார் ஃபார்ம்ல எழுதுவாங்க?"

"அன்னைக்கு எழுதினதும் ஃபார்ம்லதான்."

"உங்க பேரு கெட்டுடுமே சார்." பிறகு குரல் உடைந்துவிட்டது அந்த மனிதருக்கு. "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்? நீங்க சொன்னதைத்தானே செஞ்சோம். வரிக்கு வரி செஞ்சோமே."

"தெரியும்" என்றார் மாமா. "அதான்."

தாளின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்கு நடந்தார். நடக்கும்போது கொஞ்சம் லேசாக இருந்ததை மறைப்பானேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. அந்த அம்மாள் படிப்பாள், கண் கலங்குவாள், பரவாயில்லை சார் என்பாள். பத்துக்கு எத்தனை என்று அவர் மனசு அதற்குள் தனக்கே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அவள் கம்பி வழியாகத் தாளை வாங்கி, திருப்பி, பின்பக்கத்தை நிதானமாகப் படித்தாள். கூட்டம் இல்லை.

"சிரிச்சேனா நான்?"

"சிரிச்சீங்க. நான் விழுந்தப்ப."

"ஞாபகம் இல்ல சார். சிரிச்சிருப்பேன். யாரு விழுந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துடும். எங்க வீட்டுக்காரரு விழுந்தாக்கூட சிரிச்சுட்டுத்தான் தூக்குவேன்."

மூன்று வருஷமாக அவர் சுமந்த ஒன்று அவளுக்கு ஞாபகத்தில்கூட இல்லை. அந்த ஒரு சிரிப்புக்கு அவர் கொடுத்த தண்டனையை மட்டும் அவள் தினமும் அனுபவித்திருக்கிறாள், எதற்கென்றே தெரியாமல். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுடும்மா" என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. தாளின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தரைக்குன்னு பத்து மார்க்கு இருக்கே, இது எல்லா ஊர்த் தாள்லயும் இருக்குமா சார்?"

"இருக்கும்."

"எல்லாத்துக்கும் நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமா."

"எத்தனை பூங்கா?"

இங்கே வந்ததிலிருந்து மாமா இந்த ஒரு குளம், இந்த ஒரு அம்மாள், இந்த ஒரு வரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "பதினேழு" என்றார்.

அவள் தாளை மடித்து அவரிடமே நீட்டினாள். "அப்ப இங்க நின்னு என்ன சார் பண்றீங்க? போய் எழுதுங்க. கால் வலிச்சா அதுங்க கத்தாது. மாத்தி மாத்தி நிக்கும், அவ்வளவுதான். யாராவது போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

பஸ் ஸ்டாப்பில் உட்கார இடம் இருந்தது. மாமா உட்காரவில்லை. பையிலிருந்து சங்கத்தின் கடிதத்தை எடுத்துத் திருப்பி, முன்கையில் வைத்துக்கொண்டு, பூங்காக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். வேலி துருப்பிடித்திருந்த பூங்கா நினைவுக்கு வந்தது, தண்ணீரில் பாசி இருந்த பூங்கா வந்தது, குப்பையைக் கூட்டாமல் விட்டிருந்தார்கள் என்று அவர் கத்திவிட்டு வந்த பூங்கா வந்தது. குறை கண்டுபிடித்த இடமெல்லாம் ஆள் முகத்தோடு ஞாபகம் இருந்தது. பதினோரு பெயருக்கு மேல் பேனா நகரவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, போனது. மாமா நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மீதி ஆறு ஊரும் பேரும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தரைக்குப் பத்துக்குப் பத்து போட்ட பூங்காக்கள் அவை.